வல்லமையும் விலையும்: பாத்திரமேற்கும் ஆட்டங்களில் வகுப்புகளின் நிறைகுறைகள் – ஒரு நோக்கு

திறனாய்வு தனது எல்லைகளைக் காலத்துக்குக் காலம் விரித்து வந்துள்ளது. நாட்டார் பாடலும் கூத்தும் திரைப்படமும் ஒரு காலத்திலே ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படவில்லை. பின்னர் அவை பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களிலேயே இடம்பெறலாயின. இவ்வரிசையில் இன்னும் போதிய கவனத்தைப் பெறாதுள்ள ஒரு வடிவம் மேசையிற் கூடி ஆடப்படும் பாத்திரமேற்கும் ஆட்டமாகும். ஒருவர் ஆட்ட நடுவராக இருந்து ஒரு கற்பனை உலகினை விவரிக்க, ஏனையோர் தத்தமக்கென ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதை வாய்மொழியாற் கூறுவர். முயற்சியின் வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். மேடையில்லை, முன்கூட்டியே எழுதப்பட்ட நாடகப் பிரதியில்லை, ஆடுவோரே பார்வையாளரும் ஆவர். நாடகத்துக்கும் கதைசொல்லலுக்கும் விளையாட்டுக்கும் இடையிலே நிற்கும் இவ்வடிவத்தின் அடிப்படை அலகு பாத்திரம் என்பதால், பாத்திரப் படைப்புப் பற்றிய வினாக்களை இதனிடத்தும் எழுப்புதல் பொருந்தும்.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் அச்சேறியதும் பெருவழக்குப் பெற்றதும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்ணசன் ஆகிய இருவரும் ஆக்கிய இதனை 1974ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ‘ரக்ரிக்கல் ஸ்ரடீஸ் றூல்ஸ்’ என்னும் நிறுவனம் மூன்று சிறு நூல்களாக வெளியிட்டது. இவ்வாட்டத்திலே ஒருவர் தமது பாத்திரத்தின் பெயரையும் இயல்பையும் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம். ஆயின் அப்பாத்திரம் எவ்வகுப்பைச் சார்ந்தது என்பதை, விதிநூல் வகுத்துள்ள ஒரு பட்டியலிலிருந்தே தெரிவு செய்தல் வேண்டும். போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு, கள்வன் என்றவாறு அமையும் இவ்வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வல்லமைகளும் தனித்தனிக் குறைகளும் விதிக்கப்பட்டுள்ளன.

இவற்றுள் எது சிறந்தது, எது தாழ்ந்தது என்னும் விவாதம் ஆடுவோரிடையே அரை நூற்றாண்டாக ஓயாது நடந்து வருகின்றது. அவ்விவாதம் பெரும்பாலும் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றது. ஒரு வகுப்பின் வல்லமை மேசையிலிருக்கும் ஏனையோருக்கு யாது செய்கின்றது, அவ்வல்லமைக்கு எத்தகைய விலை விதிக்கப்பட்டுள்ளது, அவ்விலை எக்காலத்திலே எவரிடமிருந்து பெறப்படுகின்றது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. இவ்வினாக்களின் அடிப்படையிலே பிரதான வகுப்புகளின் நிறைகுறைகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் சமூகப் படிமமும்

வகுப்பு என்னும் எண்ணக்கரு போர்விளையாட்டுகளின் வழிவந்தது. கைகக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் விதிநூல் மத்தியகால ஐரோப்பியப் படைகளைச் சிறு பொம்மைகளால் மோதவிடுவது. அதன் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்ட கற்பனைப் பகுதியிலேயே மாவீரரும் மந்திரவாதிகளும் முதன்முதலாகத் தோன்றினர். அங்கே மந்திரவாதியின் தீக்கோளம் பெருங் கல்லெறி பொறியின் தாக்கத்துக்கு நிகராகக் கணிக்கப்பட்டிருந்தது. அதாவது, மந்திரவாதி தோன்றியபோது அவன் ஒரு மனிதன் என்பதிலும் பார்க்க ஒரு பீரங்கியாகவே இருந்தான் எனலாம். ஒரு தளபதி பல படைப்பிரிவுகளை நடத்தும்போது பீரங்கி வலிதாகவும் காலாள் எளிதாகவும் இருப்பது குறையன்று. ஆயின் ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்னும் நிலை தோன்றியதும், ஒருவர் கையிற் பீரங்கியும் மற்றவர் கையில் வாளும் அகப்பட்டன. பின்னாளில் எழுந்த சமநிலைச் சிக்கல்கள் யாவற்றுக்கும் இம்மாற்றமே வித்தாகும்.

1974இல் வகுப்புகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. மத்தியகால ஐரோப்பியச் சிந்தனை சமூகத்தைப் போரிடுவோர், வழிபடுவோர், உழைப்போர் என மூன்றாகப் பகுத்தமை வரலாற்று மாணவர் அறிந்தது. இவ்வாட்டம் அவற்றுள் முதலிரண்டையும் ஏற்றது. மூன்றாவதன் இடத்தில் மந்திரவாதியை வைத்தது. உழுபவனுக்கும் கொல்லனுக்கும் நெய்பவனுக்கும் இங்கே வகுப்பில்லை. அடுத்த ஆண்டு ‘கிரேஹோக்’ என்னும் துணைநூல் கள்வனையும் புனிதவீரனையும் சேர்த்தது. அப்பொழுதும் உழைப்பவன் சேர்க்கப்படவில்லை. புதையலைத் தேடிச் செல்வோரின் கதைக்கு உழைப்பாளி தேவையில்லை என்று இதற்கு விடை கூறப்படலாம். அவ்விடை சரியானதே. ஆயினும் எத்திறன்கள் வல்லமையெனக் கணிக்கப்படுகின்றன, எவை கணக்கிலேயே எடுக்கப்படவில்லை என்பதை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். வகுப்புகளை ஒப்பிடுவோர் அப்பட்டியல் விட்ட இடைவெளியை நோக்குவதில்லை.

மந்திரவாதி: பிற்போடப்பட்ட வெகுமதி

மந்திரவாதியின் மந்திர முறை அமெரிக்க எழுத்தாளர் ஜக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘த டையிங் ஏர்த்’ என்னும் நூலிலிருந்து பெறப்பட்டது. மந்திரத்தை ஏட்டிலிருந்து மனனம் செய்தல் வேண்டும். ஓதியதும் அது நினைவிலிருந்து மறைந்துவிடும். மறுநாள் மீண்டும் கற்றாலே மீண்டும் ஓதலாம். 1978ஆம் ஆண்டின் விரிவாக்கப்பட்ட ஆட்டநூலின்படி முதலாம் படியிலுள்ள மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரேயொரு மந்திரம். அவனது உயிர்ப்புள்ளிகளை நிர்ணயிப்பது நான்முகப் பகடை. போர்வீரனுக்கோ பத்துமுகப் பகடை. நீள்வாளின் ஒரு வீச்சு 8 புள்ளி வரை சேதம் விளைக்கக்கூடியதாகையால், முதலாம் படி மந்திரவாதி ஒரே அடியில் மாள்வது இயல்பு. கவசம் அவனுக்கு விலக்கப்பட்டது. கத்தியும் கோலும் போன்ற சிற்றாயுதங்களே அனுமதிக்கப்பட்டன.

இக்குறைகளுக்கு ஈடாக எதிர்காலம் அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. 5ஆம் படியில் தீக்கோளம் அவன் கைக்கு வரும். 18ஆம் படியில் இயற்கை விதிகளையே மாற்றவல்ல ஒன்பதாந் தர மந்திரங்கள் கிட்டும். தொடக்கத்திற் பட்ட துன்பத்துக்கு இறுதியில் வெகுமதி என்பதே இவ்வமைப்பின் தத்துவம். நெடுங்காலம் வறுமையிலே கற்று இறுதியிற் பதவி பெறும் மாணவனின் கதையை இது ஒத்திருப்பதால், கற்றோரிடையே இவ்வகுப்புக்குத் தனிக் கவர்ச்சி இருந்ததில் வியப்பில்லை.

ஆயினும் காலத்தின் மீது அமைக்கப்பட்ட இச்சமநிலை இரு முனைகளிலும் குறையுடையது. தொடக்கத்தில், தனது ஒரே மந்திரத்தை ஓதிவிட்ட மந்திரவாதி எஞ்சிய பொழுது முழுவதும் பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல் வேண்டும். முடிவில், மந்திரவாதி ஒரு சொல்லாற் சிக்கலைத் தீர்க்கப் போர்வீரன் பார்த்திருத்தல் வேண்டும். ஒருவர் இன்று சும்மா இருந்ததற்கு மற்றவர் பின்னொரு நாள் சும்மா இருப்பது ஈடாகுமா? இருவரும் வெவ்வேறு காலத்தில் நட்டமடைந்தனர் என்பதே உண்மை. அத்துடன் இவ்வாட்டங்கள் பல முடிவை எட்டாமலே கலைந்துவிடுகின்றன. அந்நிலையில் மந்திரவாதி விலையைச் செலுத்தியும் பொருளைப் பெறாதவன் ஆகின்றான்.

விதிக்கப்பட்ட விலையும் முரண்பாடின்றி அமையவில்லை. 1974இல் இரண்டாம் படியை அடையப் போர்வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகளும், மந்திரவாதிக்கு 2,500உம், சமயகுருவுக்கு 1,500உம் தேவைப்பட்டன. வலியவன் மெல்ல வளர வேண்டும் என்னும் நியாயம் இங்கு தெளிவு. ஆனால் 1978ஆம் ஆண்டு அட்டவணையிலே 7ஆம் படியை எட்டப் போர்வீரனுக்கு 70,001 புள்ளிகள் வேண்டியிருக்க, மந்திரவாதிக்கு 60,001 புள்ளிகளே போதும். 9ஆம் படிக்கு முறையே 250,001உம் 135,001உம் ஆகும். மந்திரவாதி மெலிந்தவனாயிருக்கும் காலத்தில் அதிக விலையும், வலியவனாகும் காலத்திற் குறைந்த விலையும் அவனிடமிருந்து பெறப்பட்டன. மெல்ல வளர்வதே அவனுக்குத் தடை என்று பொதுவாகக் கூறப்படுவது இதனால் அரை உண்மையே என்பது பெறப்படும்.

போர்வீரன்: பறிபோன நிலம்

போர்வீரனின் நிறை வெளிப்படையானது. எக்கவசமும் எவ்வாயுதமும் அவனுக்கு உரியன, உயிர்ப்புள்ளிகள் மிகுதி, அவனது வாள் நாளுக்கு எத்தனை தடவை வீசினும் தீர்ந்துபோவதில்லை. மந்திரவாதியின் ஆற்றல் செலவாகுவது. போர்வீரனின் ஆற்றல் நிலையானது. புதிதாக ஆட வருவோருக்கு ஏற்ற வகுப்பு எனப் பரிந்துரைக்கப்படுவதும் இதுவே. அப்பரிந்துரையிலேயே குறையும் மறைந்திருக்கின்றது: தெரிவு செய்யவேண்டியவை சொற்பமாதலால் இது எளிது. முன்னே சென்று அடிப்பதன்றி அவனுக்கு விதிநூல் வேறெதனையும் தரவில்லை என்பர்.

இக்கூற்று பழைய ஆட்டத்தைப் பொறுத்தவரை முற்றிலும் பொருந்தாது. 1978ஆம் ஆண்டின் நூலிலே 9ஆம் படியை அடைந்த போர்வீரன் ஒரு கோட்டையைக் கட்டி, சூழவுள்ள நிலத்தைத் தன் ஆட்சிக்கு உட்படுத்தி, குடிகளிடம் வரி பெறலாம். அவனை நாடிப் படையாட்களும் வந்து சேருவர். சமயகுருவுக்கும் அடியார் கூட்டம் உண்டு. கள்வனுக்கும் கள்வர் குழு உண்டு. ஆயினும் நிலமும் படையும் ஒருங்கே சேர்ந்து அரசனாகும் வழி போர்வீரனுக்கே சிறப்பாக உரியதாயிருந்தது. மந்திரவாதி கோபுரம் கட்டலாம். ஆனால் அவனை நாடிப் படை வருவதில்லை. ஆகவே மந்திரவாதியின் தனிமனித வல்லமைக்கு எதிராகப் போர்வீரனிடத்தே சமூக வல்லமை வைக்கப்பட்டிருந்தது. உயர்படிகளில் எதிரியின் மந்திரத்தைத் தாங்கி நிற்கும் ஆற்றலும் போர்வீரனுக்கு மிகுந்திருந்தது. அடிபட்டால் மந்திரவாதி ஓதிக்கொண்டிருந்த மந்திரம் குலையும் என்னும் விதியும் அவனுக்குத் துணைநின்றது.

1997இல் மூல நிறுவனத்தை ‘விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ற்’ வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. சிக்கலான பழைய விதிகளைச் சீர்படுத்தி ஒரே முறைக்குள் கொணர்ந்தமை அப்பதிப்பின் மறுக்கவியலாத சாதனை. ஆயின் அச்சீர்திருத்தத்தினூடே பழைய தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அனுபவப்புள்ளி அட்டவணை வந்தது. அடிபட்டாலும் பகடையில் வென்று மந்திரத்தைக் காத்துக்கொள்ள வழி பிறந்தது. மந்திரத்தைத் தாங்கும் ஆற்றல் தாங்குபவனின் படியோடு, ஓதுபவனின் திறனையும் மந்திரத்தின் தரத்தையும் பொறுத்ததாயிற்று; மனவலிமையிற் குறைந்த போர்வீரன் ஒரு மயக்க மந்திரத்துக்கு எளிதில் இரையானான். கோட்டையும் படையும் வகுப்பின் உரிமை என்னும் நிலையிலிருந்து விலகின. மந்திரவாதியின் வல்லமை இருந்தபடி இருக்க, அதற்கு விதிக்கப்பட்டிருந்த விலை மட்டும் நீக்கப்பட்டது. போர்வீரனின் வளர்ச்சி நேர்கோடு, மந்திரவாதியின் வளர்ச்சி வர்க்கக்கோடு என ஆடுவோர் கணித மொழியிற் பேசலாயினர். இந்நிலையைப் போர்வீரனின் இயல்பான குறை எனக் கொள்வது தவறு. விதிகளில் நேர்ந்த ஒரு வரலாற்று மாற்றத்தின் விளைவே அது. நிலத்தை இழந்த பிரபு வெறுங் கூலிவீரனாக எஞ்சினான் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கள்வன்: சிறப்புத்தேர்ச்சியின் இருமுகம்

கள்வன் கலிபோர்னியாவில் ஆடியோரிடத்தே முதலில் உருவான எண்ணம். அவனுக்கு இலக்கிய உருவம் அளித்தவற்றுள் பிறிற்ஸ் லைபரின் கதைகள் குறிப்பிடத்தக்கவை. பூட்டைத் திறத்தல், பொறிகளைக் கண்டறிதல், நிழலில் மறைதல், சுவரேறல் ஆகியன அவனது தனித்திறன்கள். முகத்தோடு முகம் நின்று பொருதுவதை விடுத்து, மறைந்து சென்றும் தந்திரத்தாலும் வெல்லும் பாத்திரத்துக்கு இடமளித்தமை இவ்வகுப்பின் பெருஞ் சிறப்பு.

ஆயினும் எண்கள் வேறொரு கதை கூறுகின்றன. 1978ஆம் ஆண்டு அட்டவணைப்படி முதலாம் படிக் கள்வன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 25 வீதம். பொறியைக் கண்டு நீக்கும் வாய்ப்பு 20 வீதம். நிழலில் மறையும் வாய்ப்பு 10 வீதம். சுவரேறல் ஒன்றே 85 வீதமாக உயர்ந்து நிற்கின்றது. அதாவது தனக்கே உரிய தொழிலில் நாலில் மூன்று தடவை தோற்பவனாகவே அவன் அறிமுகமாகின்றான். இதற்கு மாறாக, மந்திரவாதி இரண்டாந் தர மந்திரம் ஒன்றினாற் பகடையின்றியே பூட்டைத் திறந்துவிடுவான். இன்னொன்றினாற் கண்ணுக்குத் தெரியாமல் மறைவான். முதலாந் தர மந்திரம் ஒன்றினாற் சிலந்தி போலச் சுவரேறுவான். வாழ்நாள் முழுதும் பயின்ற கைவினைஞனின் தொழிலை இயந்திரம் ஒன்று கவர்ந்துகொள்வதை இது நினைவூட்டுகின்றது. மந்திரம் நாளுக்குச் சில தடவைகளே என்பது ஒன்றே கள்வனுக்கு எஞ்சிய காப்பு.

கள்வனின் வருகை ஏனையோருக்கும் ஓர் இழப்பை ஏற்படுத்தியது. 1974இல் ஆடியோர் பொறியைக் கண்டறிய விரும்பினால், நீண்ட கோலால் நிலத்தைத் தட்டுவதாகவோ, தரையில் நீரை ஊற்றி வெடிப்புகளை நோக்குவதாகவோ நடுவரிடம் கூறுவர். எவ்வகுப்பினரும் மதியாற் செய்யக்கூடிய காரியம் அது. கள்வனுக்கென அத்திறன் எண்ணாக வரையறுக்கப்பட்டதும், எண்ணில்லாதவருக்கு அது இயலாது என்னும் எண்ணம் மேசைகளிற் பரவிற்று. ஒரு வகுப்புக்குக் கொடுக்கப்பட்ட சிறப்புரிமை ஏனைய வகுப்புகளின் பொதுவுரிமையிலிருந்து எடுக்கப்பட்டதாகலாம். வகுப்புகளின் நிறையைக் கணக்கிடுவோர் இவ்விழப்பையும் ஏட்டிற் பதிதல் வேண்டும்.

சமயகுரு: தொண்டனின் அவலம்

சமயகுரு போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடைப்பட்டவர். கவசம் அணியலாம், கூரிய ஆயுதம் மட்டும் விலக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாம் படியில் அவருக்கு மந்திரமே இல்லை. இரண்டாம் படியிலேயே அது தொடங்கும். இறந்தும் நடமாடும் பிணங்களையும் பேய்களையும் விரட்டுதல் அவருக்கே உரிய ஆற்றல். காயமாற்றுதல் அவரது பிரதான பணி. அவரின்றி எக்கூட்டமும் நெடுந்தூரம் செல்லவியலாது.

இங்கேயே முரண்பாடு தோன்றுகின்றது. இன்றியமையாத வகுப்பு எதுவோ அதனை ஏற்க ஆடுவோர் தயங்கினர். பிறர் வெட்டுப்பட்டு வர, அவர்களது புண்ணை ஆற்றுவதிலே தன் மந்திரம் யாவும் செலவாவதை எவர் விரும்புவர்? ஒரு பாத்திரத்தின் பயனும் அதனை ஆடுபவரின் இன்பமும் ஒன்றல்ல என்பதை இவ்வகுப்புப் போல வேறெதுவும் உணர்த்துவதில்லை. வல்லமையை மட்டும் அளப்போர் சமயகுருவை உயர்ந்த இடத்தில் வைப்பர். மேசையிலிருந்து நோக்குவோர் அவரைத் தொண்டன் என்பர். இரு கணிப்பும் ஒருங்கே உண்மை.

மூன்றாம் பதிப்பு இக்குறையை நீக்க முற்பட்டது. தாம் ஆயத்தஞ்செய்த வேறு மந்திரத்தைக் கைவிட்டு அதனிடத்தே காயமாற்றும் மந்திரத்தை ஓதச் சமயகுருவுக்கு அனுமதி கிடைத்தது. இதனால் அவர் தமது விருப்பப்படி ஆயத்தஞ்செய்யும் சுதந்திரம் பெற்றார். நோக்கம் நன்றே. ஆயின் கவசமும் படைக்கலமும் தன்னை வலுப்படுத்தும் மந்திரங்களும் ஒருவரிடமே சேர்ந்தபோது, போர்வீரனின் தொழிலையும் அவரே போர்வீரனிலும் பார்க்கச் சிறப்பாகச் செய்யத்தக்கவரானார். வனகுருவின் நிலையும் இதுவே. விலங்குருவெடுக்கும் ஆற்றலோடு, கூடவே வரும் விலங்குத் துணையும் சேர்ந்து, அத்துணையே ஒரு போர்வீரனுக்கு நிகராயிற்று. ஒருவரின் குறையைத் தீர்க்க முனைந்த மருந்து இன்னொருவருக்கு நோயாயிற்று.

பிறப்பும் வகுப்பும்

1981ஆம் ஆண்டின் எளிய பதிப்பிலே காணப்படும் ஓர் அமைப்பு தனியே நோக்கத்தக்கது. அங்கே மனிதனுக்குத்தான் வகுப்பைத் தெரிவு செய்யும் உரிமை உண்டு. குள்ளர், எல்வ் எனப்படும் வனமாந்தர், அரையாளர் ஆகிய இனத்தாருக்கு இனமே வகுப்பு. குள்ளராகப் பிறந்தவர் குள்ளர் வகுப்பினர். வேறு தொழில் அவருக்கில்லை. அவர்களது வளர்ச்சிக்கும் எல்லை விதிக்கப்பட்டது: குள்ளருக்கு 12ஆம் படி, வனமாந்தருக்கு 10ஆம் படி, அரையாளருக்கு 8ஆம் படி. பிறப்பிலேயே கிடைத்த மேலதிக ஆற்றல்களுக்கு இவ்வெல்லையே விலை.

விதியமைப்பின் நோக்கில் இது சுருக்கமானதும் கற்பதற்கு எளியதுமாகும். எனினும் பிறப்பே தொழிலைத் தீர்மானிக்கும் சமூக அமைப்பினை ஏட்டில் மட்டுமன்றி வாழ்விலும் அறிந்த தமிழ் வாசகர் இதனை வெறும் வசதியென ஏற்றுக்கொள்ளார். 1978ஆம் ஆண்டின் நூலிலே பெண்பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்பாத்திரங்களிலும் தாழ்ந்த உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்ததும் இத்தகையதே. பறக்கும் நாகமும் தீக்கோளமும் உள்ள உலகிலே பெண் ஒருத்தி ஆணுக்கு நிகரான வலிமை பெறுவது மட்டும் யதார்த்தத்துக்கு முரணாகத் தோன்றிற்று! 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு இவ்வரம்பை நீக்கியது. இனத்தையும் வகுப்பையும் பிரித்துத் தெரிவு செய்யும் முறையே பின்னர் நிலைபெற்றது. 2024ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு இனம் என்னும் சொல்லையே கைவிட்டது.

சமத்துவப் பரிசோதனை

வகுப்புகளிடையேயான ஏற்றத்தாழ்வை முற்றாகக் களையத் துணிந்தது 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பாகும். காப்பவர், தாக்குபவர், தலைமை தாங்குபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் என நான்கு பணிகள் வெளிப்படையாக வகுக்கப்பட்டன. போர்வீரனுக்கும் மந்திரவாதியைப் போன்றே எப்பொழுதும் செய்யத்தக்கவை, மோதலுக்கு ஒருமுறை செய்யத்தக்கவை, நாளுக்கு ஒருமுறை செய்யத்தக்கவை என ஆற்றல்கள் பகுத்தளிக்கப்பட்டன. போர்வீரன் எதிரியொருவனைக் குறிவைத்தால், அவ்வெதிரி வேறெவரையும் தாக்குவது அவனுக்கே கேடாய் முடியும். தோழரைக் காத்தல் என்னும் பணி முதன்முறையாக விதியளவில் போர்வீரனுக்குக் கிடைத்தது இப்பதிப்பிலேயே. படைத்தலைவன் என்னும் புதிய வகுப்பு வழிபாட்டாலன்றி ஊக்கமூட்டும் கட்டளையாலேயே தோழரின் தளர்ச்சியை நீக்கியது. சமயகுருவின் ஏகபோகமும் இவ்வாறு முடிவுற்றது.

எண்ணளவில் இது பெருவெற்றி. ஆயினும் ஆடுவோரில் ஒரு சாரார் இதனை ஏற்கவில்லை. எல்லா வகுப்புகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை போன்று தோன்றின என்பதே அவர்களது பிரதான குற்றச்சாட்டு. 2009இல் பைசோ நிறுவனம் மூன்றாம் பதிப்பின் விதிகளைத் தழுவி வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ அவர்களது ஆதரவைப் பெற்றுப் பெரும் போட்டியாளராக வளர்ந்தது. சமமின்மையையே மக்கள் விரும்பினர் என இதற்குப் பொருள் கூறுவோர் உளர். அது அவசர முடிவு. மந்திரம் மந்திரமாகவும் வாள் வாளாகவும் உணரப்படல் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. வாய்ப்பிற் சமத்துவம் வேறு, வடிவில் ஒருமை வேறு. நான்காம் பதிப்பு முன்னதை அடையப் பின்னதை வழியாகக் கொண்டது. எதிர்த்தோர் பின்னதை வெறுத்து முன்னதையும் தள்ளினர்.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு பன்னிரு வகுப்புகளுடன் சமரச வழியைத் தேடியது. வரையின்றி ஓதத்தக்க சிறுமந்திரங்கள் மந்திரவாதிக்குத் தாக்கும் வலுவுடன் அளிக்கப்பட்டமையால், தொடக்கப் படிகளில் அவன் சும்மா இருக்கும் நிலை நீங்கியது. நீடித்து நிற்கும் பெருமந்திரங்கள் பலவற்றுள் ஒருவேளையில் ஒன்றையே கவனத்தில் நிறுத்தலாம் என்னும் விதி அவனது மிகை வல்லமைக்குக் கடிவாளமிட்டது. போர்வீரனின் சிறப்பாற்றல்கள் சிறிது இளைப்பாறினாலே மீளும். மந்திரவாதியினவோ பெரும்பாலும் முழு ஓய்வின் பின்னரே மீளும். ஆயின் இச்சமநிலை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மோதல்கள் நிகழும் என்னும் எடுகோளிலே தங்கியுள்ளது. நாளுக்கு ஒரு மோதலே நிகழும் மேசையில் மந்திரவாதி தன் செல்வம் யாவையும் ஒரே பொழுதிற் செலவிடுவான். பழைய ஏற்றத்தாழ்வு மீளும். 2024ஆம் ஆண்டின் திருத்தம் ஆயுதங்களுக்கு விசேட ஆற்றல்களைச் சேர்த்துப் போர்வீரனின் தெரிவுகளைப் பெருக்கியமை இச்சிக்கல் இன்னும் முற்றாகத் தீரவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இரு மறுப்புகள்

இத்தகைய ஒப்பீடே தேவையற்றது என்போர் இருவகையினர். திறமையான நடுவர் எக்குறையையும் சரிசெய்துவிடுவார் என்பது முதலாவது வாதம். நல்ல நெறியாளர் கைப்பட்டால் பலவீனமான நாடகமும் மேடையில் வெல்லலாம். அதற்காக அந்நாடகம் குறையற்றது என எவரும் கூறார். நடுவர் ஈடுசெய்ய வேண்டியிருப்பதே குறை உண்டு என்பதற்கு ஆதாரம்.

இரண்டாவது வாதம் வலிமை வாய்ந்தது. இது கதை, கதையிலே பாத்திரங்கள் சம வல்லமையுடன் இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. ரொல்கீனின் காவியக் கதையிலே மந்திரவாதியும் அரசனும் இருக்க, மோதிரத்தைச் சுமந்து செல்பவன் மெலிந்த ஒரு சிற்றாளனே. இது உண்மை. ஆயின் அக்கதையை எழுதியவர் ஒருவர். யாருக்கு எப்பொழுது முதன்மை என்பது அவர் கையில் இருந்தது. மேசையாட்டத்திலோ ஒவ்வொரு பாத்திரத்தின் பின்னும் ஒரு மனிதர் அமர்ந்திருக்கின்றார். மெலிந்தவனாக இருப்பது அவருக்கு இழுக்கன்று. செய்வதற்கு எதுவுமின்றி இருப்பதே இழுக்கு. மெலிவும் செயலின்மையும் ஒன்றல்ல என்பதே இவ்விவாதம் முழுவதிலும் மறக்கப்பட்ட உண்மையாகும்.

வகுப்பு முறையே தவிர்க்கவியலாதது என்றும் கொள்ளுதற்கில்லை. 1978இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ற்’ வகுப்புகளைக் கைவிட்டு, பயின்ற திறன் பயின்றவாறு வளரும் முறையை ஏற்றது. அங்கே வாளேந்துபவனும் மந்திரம் கற்கலாம். பாத்திரங்கள் கூடிய தனித்தன்மை பெற்றன. ஆயினும் எல்லாரும் எல்லாவற்றிலும் சிறிது வல்லவராகும்போது, ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுதல் குறையலாம். இ. எம். போர்ஸ்ரர் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை எனப் பகுத்தார். வகுப்பு தருவது தட்டையான உருவமே. அதற்கு முழுமை அளிப்பது ஆடுபவரின் பணி. உடனிருப்போரின் துணையின்றி அப்பணி நிறைவேறாது.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன சில. முதலாவது, எவ்வகுப்பின் நிறையையும் குறையையும் அதனிடத்தே மட்டும் வைத்து அளக்கவியலாது. போர்வீரனின் உறுதி மந்திரவாதியின் மெலிவினாலேயே பொருள் பெறுகின்றது. மந்திரவாதியின் சொல் போர்வீரன் தாங்கி நின்ற கணத்தினாலேயே சாத்தியமாகின்றது. குறை கூட்டுறவின் காரணமாயிருக்கும் வரை அது குறையன்று. இரண்டாவது, வல்லமைக்கு விலை விதிக்கப்படுமாயின் அவ்விலை வல்லமை பயன்படும் அதே காலத்தில் பெறப்படல் வேண்டும்; நேற்றைய வறுமை இன்றைய ஆதிக்கத்துக்கு நியாயமாகாது. மூன்றாவது, சீர்திருத்தத்தின்போது வல்லமையை விட்டுவைத்து விலையை மட்டும் நீக்குவது, முன்னரே வலியவனாயிருந்தவனுக்கே நன்மை பயக்கும்.

வகுப்புகளுட் சிறந்தது எது என்னும் வினாவுக்கு இதனால் நேரான விடை கிடையாது. மேசையிலிருந்து எழுந்து செல்லும்போது, அங்கிருந்தோர் ஒவ்வொருவரும் அன்றைய கதையிலே தாம் தீர்மானித்த ஒன்றையேனும் சுட்டிக்காட்ட இயலுமாயின் வகுப்புகள் நன்கு அமைக்கப்பட்டுள்ளன எனலாம். ஒருவரேனும் அவ்வாறு இயலாது மௌனமாக எழுந்து செல்வாராயின், எண்கள் எவ்வளவு நேராக நின்றபோதிலும், அவ்வமைப்பு மீண்டும் ஆராயப்படல் வேண்டும்.